விடுமுறைக் கூடலும் தெருவுக்கு வந்த புதிய வேகத்தடைகளும்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: வருடா வருடம் விடுமுறை நாளில் உங்கள் தெருவை இரண்டு முனையிலும் அடைத்துவிட்டு, எல்லா வீட்டுக்காரர்களும் ஒரு மாலை முழுக்க ரோட்டிலேயே கூடுகிறீர்கள். இந்த முறை அதற்குச் சில வாரம் முன்பு உள்ளாட்சி அமைப்பு மூன்று வேகத்தடைகள் போட்டு, முனையில் நடைபாதையை அகலமாக்கி, அங்கே வண்டி நிறுத்தக்கூடாது என்று பலகையும் வைத்துவிட்டது. இப்போதைக்குச் சோதனை, ஆறு மாதம் கழித்துத்தான் முடிவு என்கிறார்கள். பாதிப் பேருக்குச் சந்தோஷம். மீதிப் பேர், “இங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை, எதற்கு இதெல்லாம்? நாற்காலி போட இருந்த இடமும் போச்சு, அவசரத்துக்குத் தீயணைப்பு வண்டி வர முடியாது” என்கிறார்கள். கூடலை நடத்தும் பொறுப்பு உங்களுடையது. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த மாலையை யாருக்கும் அடிபடாமல், மனக்கசப்பு இல்லாமல் எப்படி நடத்துவது, புதிதாக வந்த மாற்றங்கள் அதற்குத் துணையா இடைஞ்சலா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்தொன்பது வருடமாகக் குடியிருப்புத் தெருக்களின் வடிவமைப்பில் வேலை செய்கிறேன். வேகத்தடை எங்கே போடுவது, முனையை எவ்வளவு வளைப்பது, ஒரு நாள் நிகழ்ச்சிக்குத் தெருவை எப்படி அடைப்பது, இதுதான் என் தொழில். சட்டம் என் துறை இல்லை. தெருவை அடைக்க யாரிடம், எத்தனை நாள் முன்பு அனுமதி வாங்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவை நான் பார்த்ததும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன்: வேகம். ஒரு குழந்தை நின்றிருக்கும் காருக்குப் பின்னாலிருந்து ரோட்டில் இறங்குகிறது. வருகிற காருக்கும் குழந்தைக்கும் 13 மீட்டர். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஓட்டுபவருக்கு ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள், அது நல்ல ஓட்டுநரின் கணக்கு. 30 கி.மீ. வேகத்தில் வந்தால், அந்த ஒரு நொடியில் எட்டு மீட்டர் சொச்சம் போய், பிரேக் பிடித்து இன்னும் ஐந்து மீட்டருக்குள், குழந்தையின் முன்னால் வண்டி நின்றுவிடும். 40-ல் வந்தால் கிட்டத்தட்ட 35 கி.மீ. வேகத்தில் இடிக்கும். 50-ல் வந்தால் அந்த ஒரு நொடியிலேயே வண்டி 13.9 மீட்டர் போய்விடுகிறது. அதாவது கால் பிரேக்குக்குப் போவதற்குள் முழு வேகத்தில் இடித்து முடிந்திருக்கும். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது; ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். “நான் கவனமாகத்தான் ஓட்டுவேன், 50-ல் போனால் என்ன?” என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். கவனம் வேலை செய்வதற்கு முதலில் தூரம் வேண்டும்.

இடிபட்டவர் பிழைப்பாரா என்பதும் வேகத்தைப் பொறுத்ததுதான். அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நடந்து செல்பவர் மீது கார் மோதும்போது மரண ஆபத்து சுமார் 37 கி.மீ. வேகத்தில் 10 சதவீதம், 51-ல் 25 சதவீதம், 68-ல் 50 சதவீதம். அதே ஆய்வில் உங்களுக்கு இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது: 70 வயதுக்காரர் 40 கி.மீ. வேகத்தில் அடிபடுவதும், 30 வயதுக்காரர் 56 கி.மீ. வேகத்தில் அடிபடுவதும் ஏறக்குறைய ஒரே ஆபத்து. தாத்தா பாட்டிகளெல்லாம் நாற்காலி போட்டு உட்காரும் ஒரு தெருவில் இதை மறக்கக் கூடாது. 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் தெருக்களில் 30 கி.மீ. உச்ச வேகம் வேண்டும் என்று அறிவித்ததற்கு அடிப்படை இதுபோன்ற கணக்குகள்தான். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே அதைச் செய்துவிட்டது.

அப்புறம், “இங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை” என்ற வாதம். இதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு சின்னத் தெருவில் விபத்து என்பது பல வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. நடக்காத வருடங்களை எண்ணிப் பார்த்து அந்தத் தெரு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை அவ்வளவு சின்னது. அதனால்தான் நாங்கள் விபத்தை எண்ணாமல் வேகத்தை அளக்கிறோம். நூறு வண்டிகளை அளந்து, மெதுவாகப் போனதிலிருந்து வேகமாகப் போனதுவரை வரிசைப்படுத்தி, எண்பத்தைந்தாவது வண்டியின் வேகம் என்ன என்று பார்ப்போம். சராசரியைவிட அந்த எண் தெருவின் குணத்தை நன்றாகச் சொல்லும்.

இதை நீங்களே செய்யலாம். வேகத்தடைக்கு அருகில் வேண்டாம், இரண்டு தடைகளுக்கு நடுவில் 50 மீட்டர் நாடா பிடித்து அளந்து, இரண்டு ஓரத்திலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு கோட்டுக்கு ஓர் ஆள் நில்லுங்கள். முன் சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் அங்கே நிற்பவர் கையைத் தூக்க வேண்டும், மற்றவர் போனில் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். கடக்க ஆறு நொடி ஆனால் 30 கி.மீ. 3.6 நொடி ஆனால் 50. ஒரே ஆள் ஒரு முனையிலிருந்து இரண்டு கோட்டையும் பார்த்தால் கண் ஏமாற்றும், அதனால் இரண்டு பேர் அவசியம். சாதாரண வேலை நாளில் செய்யுங்கள். விடுமுறை நாளின் எண் அந்தத் தெருவின் எண் அல்ல. தடைகள் போடுவதற்கு முன்பு எடுத்த அளவு உள்ளாட்சியிடம் இருக்கலாம். கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இரண்டு தரப்பிலிருந்தும் ஓர் ஆள் கோட்டருகே நின்றால் இன்னும் நல்லது. தன் கையால் அளந்த எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை, இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேகத்தடை என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் ரோட்டில் இருக்கின்றன. 1970-களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் சோதித்து உருவாக்கிய மேடு 3.7 மீட்டர் நீளம், உயரம் சுமார் 10 செ.மீ. மட்டும். வண்டி அதன்மீது ஏறி இறங்கும். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது, வேகமாகப் போகப் போக ஆளைத் தூக்கிப் போடும். இன்னொன்று ஓர் அடி அகலத்தில் மொட்டென்று நிற்கும் முட்டு. இது தலைகீழாக வேலை செய்யும்: மெதுவாகப் போகிறவருக்கு முதுகு அடிவாங்கும், வேகமாகப் போகிறவரின் வண்டியில் ஸ்பிரிங்கே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இருட்டில் டூவீலரும் சைக்கிளும் விழுவதும் இதில்தான். உங்கள் தெருவில் எது போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எடுக்கச் சொல்லாமல், மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தடைகளுக்கு இடையே தூரம் அதிகமானாலும் பயனில்லை, நடுவில் முறுக்கிக்கொண்டு போவார்கள். 60 முதல் 100 மீட்டருக்குள் இருப்பது நல்லது. தடைக்கு நேர் எதிர்வீட்டுக்காரர் ராத்திரியில் பிரேக் சத்தமும் ஆக்ஸிலரேட்டர் சத்தமும் கேட்கிறது என்றால் அது வெறும் புலம்பல் இல்லை. அவருக்குக் காது கொடுங்கள். சில மீட்டர் தள்ளிப் போடுவது சோதனைக் காலத்திலேயே முடியும்.

தீயணைப்பு வண்டி விஷயத்தில் இரண்டு தரப்புமே கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1990-களில் தீயணைப்பு வண்டிகளை மேடுகள்மீது ஓட்டி அளந்தார்கள். ஒரு மேட்டுக்கான தாமதம் 10 நொடிக்குள் இருந்தது. மூன்று மேடு என்றால் அதிகபட்சம் அரை நிமிடம். அது இல்லாத தாமதம் என்று நான் சொல்லமாட்டேன், மாரடைப்பு வந்தவருக்கு அரை நிமிடமும் நேரம்தான். அதற்காகவே அகல அச்சுள்ள வண்டிகள் சக்கரம் படாமல் போக இடைவெளி விட்ட மேடுகள் இருக்கின்றன. ஆனால் என் அனுபவத்தில் அவசர வண்டியை நிஜமாக மறிப்பது முனையில் தாறுமாறாக நிறுத்திய கார்தான். உங்கள் முனையில் இப்போது அதைத்தான் தடுத்திருக்கிறார்கள்.

முனையில் நடைபாதை அகலமானதை நான் மூன்று மாற்றங்களிலும் பெரிதாக நினைக்கிறேன். கடக்கும் தூரம் குறைகிறது, வளைவு இறுகுவதால் திரும்புகிற வண்டி தானாக மெதுவாகிறது, நிறுத்திய காருக்குப் பின்னால் குழந்தை மறையாமல் தெரிகிறது. அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் ஹோபோகன் என்ற சின்ன நகரம் முனைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுத்துப் பார்வையைத் திறந்துவிட்டது. 2017 தொடங்கி ஏழு வருடத்துக்கு மேல் அந்த நகரத் தெருக்களில் விபத்து மரணம் நிகழவில்லை. இதை மட்டும் வைத்து முனைதான் காப்பாற்றியது என்று சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் அவர்கள் வேக வரம்பைக் குறைத்தார்கள், சிக்னல் நேரத்தை மாற்றினார்கள், பலவும் ஒன்றாக நடந்தன. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துக் காட்ட முடியாது. பார்வை மறைந்த முனை ஆபத்து என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. போன நாற்காலி இடத்தைப் பற்றி: அகலமான அந்த முனை கூடல் மாலையில் தடுப்புக்கு ஆள் நிற்கச் சரியான இடம். ரோட்டில் நிற்காமலே இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

இனி, வேகமும் வண்டியும் குறைந்தால் அக்கம்பக்க உறவு வளருமா? சான்ஃபிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற பேராசிரியர் 1960-களின் கடைசியில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். நாளைக்கு 2,000 வண்டி போகும் தெரு, 8,000 போகும் தெரு, 16,000 போகும் தெரு. வண்டி குறைந்த தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தெருவுக்குள்ளேயே இருந்த நண்பர்கள், அதிகமான தெருவில் இருந்தவர்களைவிட மூன்று மடங்கு. “எது உங்கள் வீட்டு எல்லை?” என்று கேட்டபோது அமைதியான தெருக்காரர்கள் தெருவையே எல்லையாக வரைந்தார்கள், நெரிசலான தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நின்றுவிட்டார்கள். மூன்றே தெரு, அதனால் இதிலிருந்து விதி எழுத முடியாது. கலகலப்பை விரும்புகிறவர்கள் அமைதியான தெருவைத் தேடிப் போயிருக்கவும் கூடும். ஆனால் நாற்பது வருடம் கழித்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இதே முறையில் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. தெருவில் வண்டி மெதுவாகப் போக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஆப்பிள்யார்ட் 1982-ல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார். இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

கூடலுக்கு வருகிறேன். குழந்தைகளுக்காகக் குடியிருப்பவர்களே தங்கள் தெருவைச் சில மணி நேரம் அடைப்பது பிரிஸ்டலில் 2009-ல் அக்கம்பக்கத்துத் தாய்மார் இருவர் தங்கள் தெருவில் செய்து பார்த்து, பிறகு பல ஊர்களுக்குப் பரவிய வழக்கம். அதில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது: உள்ளே குடியிருப்பவரின் கார் வரவேண்டி இருந்தால் மறுப்பதில்லை, ஓர் ஆள் காருக்கு முன்னால் நடந்துபோய் வீட்டுவாசல்வரை விட்டுவிட்டு வருவார். கார் நடை வேகத்தைத் தாண்டாது. உங்களுக்கும் இதைச் சொல்வேன்.

அடைப்பதில் ஒன்றே ஒன்று கையெடுத்துக் கேட்கிறேன்: ரோட்டின் குறுக்கே கயிறு கட்டாதீர்கள். ஒருமுறை ஒரு தெருவில் இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே நைலான் கயிறு, நெஞ்சு உயரத்தில். பகலில் அதில் வண்ணக் காகிதம் தொங்கியதால் தெரிந்தது. மாலையில் காற்றில் காகிதம் எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, நடுவில் வெறும் கயிறு. டூவீலரில் வந்த இளைஞர் ஹெட்லைட்டில்கூட அதைப் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே பட்டதால் உயிர் தப்பினார். கயிறு பதிந்த சிவப்புக் கோடு தோள் முதல் தோள் வரை இருந்தது. கண்ணுக்குத் தெரியும் தடுப்பு வையுங்கள், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டியது, அதன்மேல் விளக்கு. தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு கிடைத்தால் நிரப்பித்தான் வைக்க வேண்டும். காலி டப்பாவைக் காற்றே தள்ளிவிடும். நிரப்பினாலும் அது எச்சரிக்கைதான், வேகமாக வரும் காரை நிறுத்தும் சுவர் என்று நம்பி அதன் பின்னால் நாற்காலி போட வேண்டாம். தடுப்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று: “தெரு அடைப்பு” என்ற பலகை தடுப்பில் மட்டும் இருந்தால் போதாது, அதற்கு முந்தைய திருப்பத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி தடுப்புவரை வந்து, கோபத்தோடு ரிவர்ஸ் எடுக்கும். ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குப் பின்னால்தான் வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள் நிற்கும். உள்ளே நடு ரோட்டில் 3.7 மீட்டர் அகலத்துக்கு எதுவும் வைக்காதீர்கள், அல்லது பத்து நொடியில் தூக்கிவிடக் கூடிய பொருள் மட்டும் வையுங்கள். அவசர வண்டி வந்தால் எந்த முனையைத் திறப்பது, யார் திறப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் எல்லோரும் ஓரளவு செய்துவிடுகிறார்கள். நான் பயப்படுவது தெருவைத் திறக்கும் அந்த அரைமணி நேரத்துக்கு. இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை, நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மூன்று மணி நேரமாகக் குழந்தைகளுக்கு ரோடு முழுக்கத் தங்களுடையது. அந்த நினைப்பு தடுப்பை எடுத்த நொடியில் மாறாது. ஒரு தெருவில் இரவு எட்டரைக்குத் தடுப்பை எடுத்தார்கள். நாற்காலிகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள், ஆள் உயரத்துக்கு. ரோட்டில் சாக்பீஸ் கட்டங்கள் அழியாமல் இருந்தன, கடைசிக் கட்டத்தில் ஒரு செருப்பு கிடந்தது. ஆறு வயதிருக்கும் பெண் குழந்தை அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து அந்தச் செருப்பை எடுக்க ஓடி வந்தாள். அதே நேரத்தில் வெளியே இருபது நிமிடம் காத்திருந்த முதல் கார் உள்ளே வந்தது. ஓட்டியவர் அதே தெருக்காரர், அவர் பிள்ளையும் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்தார், குழந்தைக்கு ஓர் அடி தள்ளி நின்றது. யாரும் எதுவும் பேசவில்லை. பம்பருக்குப் பக்கத்தில் அந்தச் செருப்பு கிடந்ததுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

இருட்டும் கூட்டமும் பண்டிகை நேரமும் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை, அன்று மாலை குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போவார்கள். 1975 முதல் 2016 வரையிலான அந்த மாலைகளை அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளோடு ஒப்பிட்டார்கள். நடந்து செல்பவர்களின் மரண ஆபத்து 43 சதவீதம் அதிகம், 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குப் பத்து மடங்கு. உச்சம் மாலை ஆறு மணி வாக்கில். அது அடைக்காத தெருக்களின் கணக்கு, உங்கள் கூடலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வெளிச்சம் போகும் நேரத்தில் குழந்தைகளைத் தெருவில் விட்டுவிட்டு வண்டியையும் விடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

அதனால் திறப்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குழந்தைகள் வீட்டுக்குள்ளோ நடைபாதைக்கோ போக வேண்டும், அதற்கு முன்னால் எந்தப் பொருளையும் தொடாதீர்கள். பிறகு நாற்காலி, மேஜை, விளக்கு. நாற்காலியை ரோட்டோரம் அடுக்காமல் வீட்டு வாசலுக்குள் அடுக்குங்கள். பிறகு ஒருவர் டார்ச்சோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பந்து, செருப்பு, சைக்கிள் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். கடைசியாக ஒரே ஒரு முனையை மட்டும் திறந்து, காத்திருக்கும் முதல் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து வர வேண்டும். இங்கேதான் உங்கள் புதிய வேகத்தடைகள் அன்றைக்கே கைகொடுக்கும்: நடந்து வந்த ஆள் விலகிய பிறகும் அடுத்த வண்டி 30-ஐ எளிதில் தாண்டாது. மாலை முடியும் நேரம் என்று நீங்கள் அறிவிப்பதும் தெரு திறக்கும் நேரம் என்று அனுமதிக் கடிதத்தில் எழுதுவதும் ஒன்றாக இருக்கக் கூடாது, நடுவில் நாற்பது நிமிடம் விடுங்கள். குடித்தவர் யாராவது இருந்தால் அவர் வண்டிச் சாவியை வாங்கி வைக்கும்படி அவர் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

மாற்றங்களுக்கு ஆதரவாக அன்றைக்கே கையெழுத்து வாங்கலாமா என்று ஒருவர் உங்களைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். கையெழுத்துக் காகிதம் வந்ததும் மாலை இரண்டாகப் பிரிந்துவிடும், எதிர்ப்பவர்கள் அடுத்த வருடம் வரமாட்டார்கள். அதற்குப் பதிலாக உங்கள் அளவுகளை ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டுங்கள், கீழே யார் அளந்தார்கள் என்ற பெயர்களோடு. பக்கத்துத் தெருக்காரர்களையும் அழையுங்கள். உங்கள் தெருவில் மெதுவாகப் போக விரும்பாத வண்டி அவர்கள் தெரு வழியாகப் போகத் தொடங்கியிருக்கலாம். அப்படி ஆகியிருக்கிறதா என்று அவர்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. ஆகியிருந்தால் ஆறு மாத முடிவுக்கு முன்னால் அவர்களோடு சேர்ந்து மனு கொடுங்கள்.

திறக்கும் நேரத்துக்கு டார்ச்சோடு நடக்கப் போகிறவர் யார் என்பதை இந்த வாரமே முடிவு செய்து, அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்று விட்ட வேலைதான் எல்லாத் தெருவிலும் விட்டுப்போகிறது.